செப்பில் வெட்டிய ராஜமுகம்

ஐரோப்பாவின் பழம்பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் இங்கிலாந்தின் இடைக்கால அரசர்களுடைய உருவப்படங்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நீள்வட்டச் சட்டத்துக்குள் ஒரு முகம், தலையில் கிரீடம், தோளில் ரோம அங்கி, அடியில் பெயரும் ஆட்சி ஆண்டும். செப்புத் தகட்டில் கோடு கோடாக வெட்டி, மை தேய்த்து, ஈரத்தாளில் அழுத்தி எடுத்த படங்கள் இவை. தாள் பழுத்துப்போயிருக்கும், ஓரத்தில் பூச்சி அரித்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் அந்த ராஜாவே உட்கார்ந்து வரைந்துகொண்ட படம் என்று தோன்றும். ஆனால் ராஜா செத்துப்போன வருஷத்துக்கும் தகடு வெட்டப்பட்ட வருஷத்துக்கும் நடுவே முந்நூறு, ஐந்நூறு ஆண்டுகள் கிடக்கும்.

தகட்டில் வெட்டித் தாளில் ஒற்றும் வித்தை ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில்தான் வேர்பிடித்தது. இங்கிலாந்தில் இடைக்காலம் என்று சொல்லப்படும் காலம் அதற்குள் முடிகிற தறுவாயில் இருந்தது. ஆகவே முதலாம் வில்லியம், ஜான், முதலாம் எட்வர்டு போன்றவர்களின் அச்சுப் படங்கள் எல்லாமே பின்னால் வந்த கைவினைஞர்கள் கொடுத்த முகங்கள். 1618இல் ஹென்றி ஹாலண்ட் என்பவர் லண்டனில் 'பாசிலியோலோஜியா' என்ற பெயரில் ஓர் அரசர் படநூலை வெளியிட்டார். முதலாம் வில்லியம் தொடங்கி அன்றைய அரசர் வரை வரிசையாகப் படங்கள். பெரும்பாலானவற்றை வெட்டியவர் ரெனால்ட் எல்ஸ்ட்ராக். வில்லியம் இறந்தது 1087இல். எல்ஸ்ட்ராக் உளியை எடுத்தபோது அந்த முகம் மண்ணோடு மண்ணாகி ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

இதைப் புரட்டு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதும் சரியல்ல. 18ஆம் நூற்றாண்டில் வந்த ஜார்ஜ் வெர்ட்யூ ஆதாரம் தேடி அலைந்த மனிதர். ராப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய இங்கிலாந்து வரலாற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புக்காக, 1730களில் அவர் அரசர்களின் தலைகளை வரிசையாக வெட்டினார். கல்லறைகளின் மேல் படுத்திருக்கும் சிற்பங்கள், நாணயங்கள், அரச முத்திரைகள், தேவாலயக் கண்ணாடி ஓவியங்கள் ஆகியவற்றைப் பார்த்து முகத்தைக் கட்டினார். ஜான் அரசருக்கு உஸ்டர் பேராலயத்தில் கல்லில் செய்த உருவம் இருக்கிறது. மூன்றாம் ஹென்றிக்கு வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் பொன்முலாம் பூசிய வெண்கல உருவம். 1291இல் வில்லியம் டோரல் வார்த்தது. இரண்டாம் ரிச்சர்டுக்கு 1390களில் வரைந்த வண்ணப்படமே உண்டு. ஆங்கில அரசர் ஒருவரை உயிரோடு இருக்கையில் வரைந்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மூத்தது அதுதான் என்பார்கள்.

முதலாம் எட்வர்டுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அவருடைய கல்லறை வெறும் கல்பெட்டி. மேலே உருவமே கிடையாது. அவருடைய இடது இமை தகப்பனாருடையதைப் போலவே சற்றுத் தொங்கியிருந்தது என்று வரலாற்றுக் குறிப்பு எழுதிய ஒருவர் சொல்லிவைத்தார். ஊரார் அவரை 'நெட்டைக்காலர்' என்றார்கள். 1774இல் தொல்பொருள் ஆர்வலர்கள் கல்லறையைத் திறந்து அளந்தபோது உடல் 6 அடி 2 அங்குலம் இருந்தது. பட்டப்பெயர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் எட்வர்டின் முகம் பல தகடுகளில் வெட்டப்பட்டு வீடுகளின் சுவரேறிவிட்டது.

ஒரு தகடு எப்படிப் படமாகிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உறவுக்காரத் தொழில் ஒன்று இருக்கிறது. கல்யாணச் சீர்வரிசைக்குப் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே உட்கார்ந்து பேர் வெட்டித் தருவார்கள். மின்சாரக் கருவி வருவதற்கு முன்னால் சின்ன உளியும் சுத்தியுமாகப் புள்ளி புள்ளியாகத் தட்டித்தான் பெண்ணின் பெயரும் ஊரும் தேதியும் குடத்தின் கழுத்தில் ஏறின. படத்தகடு வெட்டுபவரும் உலோகத்தில்தான் எழுதுகிறார். ஆனால் அவர் சுத்தியைத் தொடுவதில்லை. காளான் தலை போன்ற மரப்பிடி உள்ளங்கையில் அமர்ந்திருக்க, சாய்த்துத் தீட்டிய நாற்சதுர எஃகு முனையைத் தகட்டின் மேல் படுக்கவைத்து முன்னே தள்ளுகிறார். செம்பு நூல் நூலாகச் சுருண்டு எழும்பி வரும். தகடு மணல் நிரப்பிய தோல் திண்டின் மேல் கிடக்கும். வளைவான கோடு வேண்டுமென்றால் கையை வளைப்பதில்லை; கை அப்படியே இருக்க, மற்றக் கை தகட்டைத் திண்டோடு சுழற்றுகிறது. கன்னத்தின் உருட்சி, கீழுதட்டின் நிழல், கிரீடத்தின் பளபளப்பு எல்லாமே கோட்டின் ஆழமும் நெருக்கமும் கூடிக் குறைவதில்தான் பிறக்கின்றன. மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, அமிலம் ஊற்றி அரிக்கவிடும் முறையும் உண்டு. பெரும்பாலான தகடுகளில் இரண்டும் கலந்திருக்கும்: துணியையும் பின்னணியையும் அமிலத்துக்கு விட்டுவிட்டு, முகத்தை மட்டும் உளிக்கு வைத்துக்கொள்வார்கள்.

தகட்டில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் கோட்டுப் பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். நனைத்த தாளை அதன்மேல் வைத்து, கம்பளி போர்த்தி, இரண்டு உருளைகளுக்கு நடுவே ஓட்டினால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை உறிஞ்சி வரும். அதனால்தான் பழைய படத்தின் மேல் விரலை மெல்ல ஓட்டினால் கோடு துளி மேடாகத் தட்டுப்படும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய தடமும் ஒரு சட்டம் போலத் தெரியும். சில நூறு பிரதிகள் வரை கோடு கூர்மையாக வரும். அப்புறம் செம்பு தேயும், நிழல்கள் சாம்பலாகும், தகட்டை மறுபடியும் வெட்டி உயிர்கொடுக்க வேண்டும். குடத்தில் பேர் வெட்டுபவருக்கு இல்லாத இன்னொரு தலைவலியும் உண்டு. தாளில் எல்லாம் இடம் வலமாக மாறி விழும் என்பதால், எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பித்தான் வெட்ட வேண்டும். உருவத்தைத் திருப்ப மறந்தால் ராஜா இடது கையில் வாள் பிடித்திருப்பார்.

இந்த வித்தை மன்னார் வளைகுடாவைத் தொட்டது டச்சுக்காரர்களின் புத்தகங்கள் வழியாக. முத்துக்குளித்துறைக் கரை அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் போர்ச்சுக்கீசியரின் செல்வாக்கில் இருந்தது. 1535க்குப் பிறகான சில ஆண்டுகளில் பரதவர்கள் கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் 1586இல் அண்டிரிக்கு அடிகளாரின் 'அடியார் வரலாறு' அச்சேறியது. தமிழ் அச்செழுத்து அந்த அளவுக்கு இந்த மணலுக்குப் பழசு. 1658இல் ரைக்லோஃப் ஃபான் கூன்ஸ் தலைமையில் வந்த டச்சுக் கம்பெனிப் படை தூத்துக்குடியைப் பிடித்தது. அதே ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் விழுந்தன.

அந்தப் படையோடு வந்த பாதிரியார் பிலிப்பஸ் பால்டேயுஸ். பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் இருந்தார். பரதவர்களைப் புராட்டஸ்டண்டு வழிக்குத் திருப்பப் பார்த்து முடியாமல் போனவர். கத்தோலிக்கக் குருமாரை டச்சுக்காரர்கள் ஊரைவிட்டு வெளியேற்றினால், சனம் ஊருக்கு வெளியே போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தது. மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. கோட்டைகளும் துறைமுகங்களும் கோயில்களுமாகத் தகட்டுப் படங்கள் நிறைந்த நூல். தூத்துக்குடியின் தோற்றமும் அதில் உண்டு. தமிழ் எழுத்துகளையும் தமிழில் கிறிஸ்தவ ஜெபத்தையும் தகட்டில் வெட்டிச் சேர்த்திருப்பது இன்னொரு விசேஷம். தமிழே படிக்கத் தெரியாத ஒருவர், 'அ'வையும் 'ழ'வையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிச் செம்பில் வெட்டிக்கொண்டிருந்த ஆம்ஸ்டர்டாம் பட்டறையை நினைத்துப்பார்க்கத் தோன்றுகிறது.

தூத்துக்குடியை நூலில் ஏற்றிய இரண்டாமவர் யோஹான் நியூஹாஃப். கம்பெனியின் தூதுக்குழுவோடு 1650களில் பீகிங் வரை போய்வந்தவர். பிறகு கொல்லத்தில் வேலை பார்த்து, அங்கிருந்து தூத்துக்குடிக்கு வந்து டச்சுப் பண்டகசாலையின் பொறுப்பை ஏற்றார். முத்து வியாபாரத்தில் கம்பெனிக்குத் தெரியாமல் கை நனைத்தார் என்ற குற்றச்சாட்டில் மாட்டிக்கொண்டதும் இந்தப் பக்கத்து உத்தியோகத்தில்தான். 1672இல் மடகாஸ்கரில் கரையிறங்கியவர் திரும்பவில்லை. அவர் விட்டுப்போன குறிப்புகளையும் படங்களையும் சகோதரர் ஹென்ட்ரிக் தொகுத்து, 1682இல் ஆம்ஸ்டர்டாமில் நூலாக்கினார். அதிலும் தூத்துக்குடி இருக்கிறது. இந்த ஊருக்கு அப்போது மதில் கிடையாது. போர்ச்சுக்கீசியர் கட்டிய பெரிய தேவாலயங்கள்தான் கடலில் வருபவர்களுக்குத் தூரத்திலேயே தெரியும் அடையாளம். கப்பல்காரன் கண்ணால் பார்த்த ஊர் அது. தூத்துக்குடியை வேறு எப்படியும் பார்த்திருக்க முடியாது: கரையோரம் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளித்தான் நங்கூரமிட்டன. சரக்கும் ஆளும் தோணியில்தான் வந்துபோயின. 1974இல் புதிய துறைமுகம் வரும்வரைக்கும் அதுதான் நிலைமை. (அந்தத் துறைமுகத்துக்கு 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்தார்கள். டச்சுக் கம்பெனியின் முத்திரையில் பின்னிக்கிடந்த மூன்று எழுத்தும், பிரிட்டிஷ் கப்பலுக்கு எதிராகக் கப்பல் விட்டவரின் ஆங்கில முதலெழுத்துகளும் ஒன்றே: வி, ஓ, சி. சரித்திரம் இப்படியும் சில நேரம் குறும்பு செய்யும்.)

நியூஹாஃபின் நூலில் ஒரு ராஜமுகமும் உண்டு. கொல்லத்தில் இருந்தபோது அந்த நாட்டு ராணியைச் சந்தித்துப் பேசினார். அந்தச் சந்திப்பு ஒரு தகடாகியிருக்கிறது: ஆயுதம் தாங்கிய வீரர்கள் சூழ நிற்கும் ராணி, எதிரே தொப்பியும் அங்கியுமாக டச்சுக்காரர். கேரள வரலாறு பேசும் பல இடங்களில் இன்று உமையம்மை ராணியின் படம் என்று காட்டப்படுவது இதைத்தான்.

இந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நியூஹாஃபின் சீனப் படங்களே அளவுகோல். பீகிங் பயணத்தைப் பற்றிய அவருடைய நூல் 1665இல் வந்து ஐரோப்பாவையே கிறங்கடித்தது. சீனம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு நூற்றாண்டுக்கு நம்பவைத்த படங்கள் அதில் இருந்தன. 1984இல் பாரிசில் நியூஹாஃபின் கைப்பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதிலுள்ள படங்கள் அடக்கமானவை: ஒரு கரை, ஒரு மதில், கொஞ்சம் படகு. அச்சு நூலில் அதே காட்சிகளில் தென்னை போன்ற மரங்களும், முன்னால் ஆட்களும், குடைகளும், அலங்காரங்களும் சேர்ந்துவிட்டன. ஆம்ஸ்டர்டாம் பட்டறை, வாங்குபவரின் கண்ணுக்குக் கீழை நாடு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி நிரப்பிவிட்டிருந்தது. சீனத்துக்குச் செய்ததைக் கொல்லத்துக்கும் தூத்துக்குடிக்கும் அந்தப் பட்டறைகள் செய்யாமல் விட்டிருக்கும் என்று எதிர்பார்க்க ஒரு நியாயமும் இல்லை. ராணியின் நிற்கும் தோரணையும் உடலின் திரட்சியும் கேரளத்தைவிடக் கிரேக்கச் சிலைகளுக்கே நெருக்கம்.

வளைகுடாவின் அக்கரையில் இன்னொரு ராஜமுகம் இருக்கிறது. ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நாக்ஸ் 1660இல் இலங்கையில் பிடிபட்டு, ஏறக்குறைய இருபது வருஷம் கண்டி ராச்சியத்தில் கைதியாகவே காலம் தள்ளி, 1679இல் தப்பினார். 1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் கண்டி அரசர் இரண்டாம் ராஜசிங்கன் முழு உருவத்தில் நிற்கிறார். டச்சுக்காரரைக் கூட்டுச் சேர்த்துப் போர்ச்சுக்கீசியரை விரட்டியவர் இவர்தான். அந்தச் சண்டையின் கடைசிக் கட்டத்தில்தான் தூத்துக்குடியும் கைமாறியது. ராஜாவுக்கு உடுப்பில் இது என்று ஒரு வழக்கமே கிடையாது, தன் மனம்போலத் தானே யோசித்து உடுத்துவார் என்கிறார் நாக்ஸ். ஏசு சபைக் குருக்கள் அணிவது போன்ற நாற்கோணக் குல்லாய், அதுவும் மூன்று அடுக்கு. வண்டிமாட்டுத் தலையில் குஞ்சம் சொருகியது போல முன்னால் விறைத்து நிற்கும் ஓர் இறகு. கணுக்கால்வரை தொங்கும் கால்சட்டை. பொன்பிடி போட்ட வாள். நாக்ஸ் ஒப்பிட்டது வண்டிக் குதிரையைத்தான் என்றாலும் பார்வைக்கு இரண்டும் ஒன்றே. லண்டன் பட்டறைக்காரர் கண்டியைக் கண்டவரல்ல. குல்லாய்க்கும் இறகுக்கும் சொல் இருந்தது, வெட்டிவிட்டார். முகத்துக்குச் சொல் போதவில்லை. அதனால் உடுப்பு நாக்ஸுடையது, முகம் பட்டறையுடையது.

எல்ஸ்ட்ராக்கின் வில்லியமும் லண்டன் தகட்டின் ராஜசிங்கனும் இந்த இடத்தில் ஒரே வகையறா. ஒருவரைக் காலம் மறைத்தது, மற்றவரைக் கடல் மறைத்தது. இரண்டு பேருக்கும் உடுப்பையும் பட்டத்தையும் கொண்டு ஆளை உண்டாக்கியிருக்கிறார்கள்.

இக்கரையில், முத்துக்குளித்துறையை ஆண்டவர்களுக்கு அப்படி ஒரு தகடுகூட வாய்க்கவில்லை. நியூஹாஃபும் பால்டேயுஸும் புழங்கிய காலத்தில் கரைக்கு மேலே அதிகாரம் மதுரை நாயக்கருடையது. சொக்கநாத நாயக்கர் ஆட்சி. டச்சுக்காரர்களின் கவனமோ முத்துக்குளிப்பான சலாபத்தின் மேல். எந்தப் பாரில் சிப்பி முற்றியிருக்கிறது, எத்தனை தோணி இறங்கும், குளிப்பாளிகளின் கல்லுக்கு எவ்வளவு வரி என்ற கணக்குதான் அவர்களுக்கு வேண்டியது. பரதவர்களுக்குள் ஜாதித்தலைவர் இருந்தார். பாண்டியபதி என்பது பட்டம். சலாபத்துக்கு ஆள் திரட்டுவதும் வழக்குத் தீர்ப்பதும் அவர் கையில். ஆம்ஸ்டர்டாமில் புத்தகம் வாங்கும் சீமானுக்கு அவர் ராஜாவாகத் தெரிந்திருக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் ராஜாவின் முகத்தை வைத்துக்கொள்ளும் வழியும் வேறு. கொற்கைப் பக்கத்துப் பாண்டியர் காசுகளில் மீன் இருக்கும், குதிரை இருக்கும், 'பெருவழுதி' என்று பெயர்கூட இருக்கும், முகம் இருக்காது. தலையைப் பொறித்த மாக்கோதை காசு சேரருடையது, அதுவும் ரோமக் காசைப் பார்த்துப் படித்த பாடம் என்று கருதப்படுகிறது. பிற்காலத்தில் கல்லே முக்கிய இடமாயிற்று. மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களில் நாயக்க அரசர்கள் பத்துப் பேர் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். தொந்தியும் சாய்ந்த கொண்டையுமாகத் திருமலை நாயக்கரைக் கண்டதும் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சிலை இருக்கும் இடத்துக்குப் பார்க்கிறவர்தான் போக வேண்டும். தகட்டுப் படம் பார்க்கிறவரைத் தேடிப்போகும். எட்வர்டின் முகம் லண்டனில் வெட்டப்பட்டு அமெரிக்கக் குடியேற்றங்கள் வரை போனது, திருமலை நாயக்கர் மதுரையைவிட்டு நகரவில்லை.

இந்த வித்தியாசம் மிகக் கூர்மையாகத் தெரியும் ஆண்டு 1799. அந்த மே 4ஆம் தேதி சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்தார். லண்டன் அச்சுக்கடைகளில் திப்புவின் படங்கள் குவிந்தன. மறு ஆண்டே ராபர்ட் கெர் போர்ட்டர் கோட்டை பிடிபட்ட காட்சியைப் பிரமாண்ட ஓவியமாக்கிக் காசு வசூலித்துக் காட்டினார். அது தகடுகளிலும் ஏறி விற்றது. அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு ஒரு படம்கூட இல்லை. திப்பு லண்டன் பத்திரிகைகளுக்கு ஏற்கெனவே பழகிய எதிரி. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கம்பெனியின் வரிக்கணக்கில் ஒரு வரி.

அவருடைய தம்பி ஊமைத்துரைக்கு மட்டும் சொல்லால் ஒரு படம் கிடைத்தது. 1801இல் பாஞ்சாலங்குறிச்சியில் எதிர்த்துச் சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியிட்ட தன் படைவாழ்க்கை நினைவுகளில் அவரைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். நெடிய, மெலிந்த, நோயாளி போலத் தோன்றும் இளைஞர், பேச்சு வராது, ஆனால் அவர் கையசைத்தால் சனம் உயிரைக் கொடுக்கும். ஓர் உளிக்காரர் கையில் கிடைத்திருந்தால் நாக்ஸின் குல்லாயைவிட நல்ல சரக்கு அது. யாரும் வெட்டவில்லை.

கட்டபொம்மனின் காலத்திலேயே தூத்துக்குடியில் பாண்டியபதியாக இருந்தவர் டோன் கபிரியேல் தக்ருஸ் வாஸ் கோமஸ். பனிமய மாதாவுக்கு 1806இல் தங்கத்தேர் ஓட வழிசெய்தவர். தேர்மாறன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவர் பெயரும் தேர் உருவில்தான் நிற்கிறது. பெயரும் செயலும் கூத்திலும் கதைப்பாடலிலும் திருவிழாவிலும் தங்கும், முகம் தங்காது. இந்தக் கரையின் வழக்கம் அப்படி.

முகம் இல்லாத இடத்தில் பிற்காலம் ஒரு முகத்தைக் கொண்டுவந்து வைக்கும் என்பதில் மட்டும் இங்கிலாந்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் வேற்றுமை இல்லை. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகம் மேடையேறி, 1959இல் பி.ஆர்.பந்துலுவின் படமாயிற்று. அன்றிலிருந்து கட்டபொம்மன் என்றால் சிவாஜி கணேசனின் முறுக்கு மீசை, விரிந்த கண்கள், வாளின் மேல் ஊன்றிய கை. காலண்டரிலும் பள்ளி ஆண்டுவிழா ஒப்பனையிலும் ஊர்ச் சந்திச் சிலைகளிலும் அந்தச் சாயல்தான். வெர்ட்யூவுக்குக் கல்லறைச் சிற்பம் இருந்தது போலத் தமிழருக்கு டெக்னிகலர் இருந்தது.

பழைய தகட்டுப் படத்தைக் கையில் எடுப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது முகத்தை அல்ல. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், 18ஆம் நூற்றாண்டு வரையிலான கைத்தாளில் சல்லடைக் கம்பிகளின் வரிகள் இணையாகத் தெரியும். தகட்டு விளிம்பின் அழுத்தத் தடம் இருக்க வேண்டும்; பின்னாளில் ஒளிப்பட முறையில் நகலெடுத்த படத்தில் கோடுகள் தட்டையாக, பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாக இருக்கும். நடுவில் மடிப்பு இருந்தால் புத்தகத்தில் மடித்துத் தைக்கப்பட்டிருந்த படம். விற்பனைக்கு வரும் தூத்துக்குடித் தகடுகளில் அநேகம் அப்படிப் புத்தகத்திலிருந்து பிரித்தெடுத்தவைதான். நூலை முழுசாக விற்பதைவிடப் பக்கம் பக்கமாக விற்றால் காசு கூட. வண்ணம் இருந்தால் அது பெரும்பாலும் பின்னால் கையால் தீட்டியது. அச்சான ஆண்டும் முக்கியம். பால்டேயுஸையும் நியூஹாஃபையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1704இல் சர்ச்சில் சகோதரர்கள் லண்டனில் வெளியிட்ட பயணநூல் தொகுப்பில் படங்களை மறுபடியும் புதிய தகட்டில் வெட்டினார்கள். அச்சான படத்தைப் பார்த்து அப்படியே வெட்டினால் தாளில் அது திரும்பி விழும். அவசர வேலைகளில் கரை இடமிருந்து வலத்துக்குப் போய்விடுவதும் நடக்கும். தூத்துக்குடிக்காரர் ஒருவர் கையில் அந்தப் படத்தைக் கொடுத்தால், சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்று பார்த்தே பிழையைச் சொல்லிவிடுவார்.

கட்டபொம்மன் தூக்கிலேறி இருநூறு ஆண்டு நிறைந்த 1999 அக்டோபர் 16 அன்று, இந்திய அஞ்சல்துறை அவர் உருவத்தோடு ஒரு தபால்தலை வெளியிட்டது. 1799இல் எந்தப் பட்டறையும் வெட்டாத முகம் அன்றைக்குக் கடித உறைகளில் ஒட்டப்பட்டு ஊர் ஊராகப் போனது.